டிசைன் புத்தகத்தில் என் கால்

கண்டியில் கிளினிக் நாளன்று பக்கத்தில் உட்காருகிற ஆள் எப்படியும் என் காலைப் பார்த்துவிடுவார். பார்த்ததும் முதலில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். கொஞ்ச நேரம் கழித்து, "எப்பிடீங்க ஆச்சு?" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு கேள்விகள் வரிசையாக வரும். வெட்டும்போது தெரிந்ததா, வெட்டின காலை என்ன செய்தார்கள், வீட்டுக்காரர் எப்படி, சமையல் எப்படி. இந்த இரண்டு வருடத்தில் நூறு பேருக்காவது சொல்லியிருப்பேன். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. நாளைக்கு ஆபரேஷன் என்று பயந்துகொண்டு உட்கார்ந்திருக்கிற யாருக்காவது உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். எழுத்து எனக்குத் தொழில் இல்லை, தையல்தான் தொழில். நீளம் கூடிப்போனால் மடித்துக்கொள்ளுங்கள்.

என் பெயர் யோகேஸ்வரி. யோகா என்றால்தான் தலவாக்கலையில் தெரியும். வட்டகொடைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், வரிசையாக ஒட்டிக் கட்டின லயத்து வீடு. வீட்டுக்காரர் சந்திரனுக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. நான் பதினாறு வருடமாகத் தலவாக்கலைக் கடைத்தெருவில், ரவூப் நானா என்கிற முஸ்லிம் அண்ணனின் துணிக்கடை வாசலில் மெஷின் போட்டுத் தைக்கிறேன். நானா துணி விற்பார், நான் அதை ஜாக்கெட்டாக்குவேன். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு மேசை. மேசை மேல் ஒரு கட்டு பேஷன் சஞ்சிகைகள். கொழும்பில் அச்சானவை, இந்தியாவிலிருந்து வந்தவை, தமிழ், சிங்களம், இங்கிலீஷ் எல்லாம் கலந்து கிடக்கும். எங்கள் ஊரில் அவற்றை யாரும் வாசிப்பதில்லை. டிசைன் புத்தகம் என்றுதான் அவற்றுக்குப் பெயர். வருகிற பெண்கள் பக்கத்தைத் திருப்பி, ஒரு படத்தின் மேல் விரலை வைத்து, "இந்த மாதிரி" என்பார்கள். நான் அளவு எடுப்பேன். எங்கள் வியாபாரம் அவ்வளவுதான்.

அந்த "இந்த மாதிரி"யில் ஒரு சங்கடம் உண்டு. படத்தில் இருக்கிறவள் தேயிலைக் கொழுந்துக் கூடை சுமந்தவள் இல்லை. எங்களிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் பதினெட்டு வயதிலிருந்து கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி மலை ஏறியவர்கள். கழுத்து முன்னால் தள்ளியிருக்கும், ஒரு தோள் இறங்கியிருக்கும். படத்தில் உள்ளபடியே வெட்டினால் ஜாக்கெட் முதுகில் தூக்கிக்கொண்டு நிற்கும். அதனால் இறங்கின தோளுக்கு உள்பக்கம் ஒரு மடிப்புத் துணி வைப்பேன். முதுகுத் துண்டை அரை இஞ்சி கூட்டி வெட்டுவேன். போட்டுப் பார்த்துவிட்டு, "யோகா கை வச்சா குறையே தெரியாது" என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. குறையை மறைப்பதுதான் தையல் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான்.

வலி வந்தது தீபாவளிக்கு இரண்டு மாதம் முன்னால். வலது காலில், கணுக்காலுக்குக் கொஞ்சம் மேலே, எலும்புக்கு உள்ளேயிருந்து வலித்தது. மெஷின் மிதிக்கிற எவளுக்குத்தான் கால் வலிக்காது? தைலம் தேய்த்தேன். சிங்கள வைத்தியர் ஒருவர் இலை அரைத்துப் பத்துப் போட்டார். வீக்கம் அப்படியே இருந்தது. அப்போது நான் செய்தது தையற்காரி மட்டுமே செய்யக்கூடிய முட்டாள்தனம். வலது காலை நகர்த்தி வைத்துவிட்டு, இடது காலால் மெஷினை மிதிக்கப் பழகிக்கொண்டேன். மூன்றே நாளில் கைவந்துவிட்டது. வலது காலின் வலியும் கொஞ்சம் குறைந்தது. மிதித்ததால் வலி, நிறுத்தியதால் ஆறுகிறது என்று நானே டாக்டராகித் தீர்ப்புச் சொல்லிவிட்டேன். தீபாவளித் துணி முடிந்தது, பொங்கல் துணி முடிந்தது, பிறகு ஒரு கல்யாண வீட்டுக்குப் பதினான்கு ஜாக்கெட். இப்படி ஏழு மாதத்தை ஒற்றைக் காலில் ஓட்டினேன்.

ஒருநாள் வட்டகொடை ஸ்டேஷன் படியில் கால் தடுக்கியது. விழவில்லை. ஆனால் அதற்குப் பிறகு அந்தக் காலை ஊன்றவே முடியவில்லை. சந்திரன் ஆட்டோ பிடித்து நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்த இன்னொரு டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குச் சிங்களம் தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் சத்தத்தைக் குறைத்துப் பேசினார் என்பது புரிந்தது. டாக்டர்மார் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது. அன்றைக்கே கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லித் துண்டு எழுதிக் கொடுத்தார்கள்.

கண்டி ஆஸ்பத்திரியில் முதல் வேலை காத்திருப்பதுதான். விடியற்காலை பஸ்ஸில் போய் நம்பர் எடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, பைலை மடியில் வைத்துக்கொண்டு, நம்பரைக் கூப்பிடும்போதெல்லாம் நிமிர்ந்து பார்க்க வேண்டும். எங்கள் நாட்டில் அரசாங்க ஆஸ்பத்திரியில் பில் இல்லை என்பது பெரிய புண்ணியம். பஸ்ஸும் சாப்பாடும்தான் கைச்செலவு. சந்திரன் லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு தடவையும் கூட வந்தார். ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வருவார். "சாப்பிடு, வெறும் வயித்துல பயந்தா பயம் இன்னும் கூடும்" என்பார்.

சோதனைகளைப் பற்றிச் சொல்கிறேன். பெரிய ஸ்கேன் என்பது ஒரு குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் பிடிப்பது. வலி கிடையாது. ஆனால் தகரத்தில் சுத்தியலால் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் உள்ளே கிடந்தபடி மனதுக்குள் ஒரு ஜாக்கெட்டை வெட்டி, கை ஏற்றி, கொக்கி வரைக்கும் தைத்து முடித்தேன். பயாப்ஸி என்றால் கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்து, அது எந்தச் சாதிக் கட்டி என்று பார்ப்பது. விறைக்க ஊசி போட்டுத்தான் எடுப்பார்கள். எடுப்பதைவிட, அதன் முடிவுக்குக் காத்திருப்பதுதான் கொடுமை. எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் சந்திரனிடம் காரணமில்லாமல் எட்டுத் தடவை சண்டை போட்டேன்.

முடிவைச் சொன்ன டாக்டர் சிங்களவர். தமிழைத் தேடித்தேடிப் பேசினார். மூக்கு நுனியிலும் காது மடலிலும் நெகிழ்வாக இருக்கிறதே, அந்தக் குருத்தெலும்பில் உண்டாகிற புற்று இது என்றார். மெதுவாக வளரும். மருந்துக்கும், கரண்ட் பிடிப்பது என்று நாங்கள் சொல்கிற கதிர்ச் சிகிச்சைக்கும் அவ்வளவாக மசியாது. வெட்டி எடுப்பதுதான் வைத்தியம். என்னுடையது கணுக்காலைச் சுற்றி, நரம்பையும் ரத்தக் குழாயையும் கட்டிப் பிடித்துக்கொண்டு வளர்ந்திருந்தது. முழங்காலுக்குக் கீழே ஆறு இஞ்சி விட்டு, மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.

"ஏழு மாசம் முந்தி வந்திருந்தா கால் தப்பியிருக்குங்களா?" என்று கேட்டேன்.

அவர் பொய் சொல்லவில்லை. "தப்பியிருக்கலாம். நிச்சயமாச் சொல்ல ஏலாது. ஆனா இப்ப உயிர் தப்பும். நெஞ்சு ஸ்கேன் சுத்தமா இருக்கு. அதப் பாருங்க."

சாவைப் பற்றி நான் நினைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அதைவிட வேறொரு பயம் என்னைத் தின்றது. எங்கள் லயத்தில் செல்வம் அண்ணன் என்று ஒருவர். வருடங்களுக்கு முன் ஒரு விபத்தில் ஒரு கை போய்விட்டது. நல்ல மனிதர்கள்தான் எங்கள் ஆட்கள், அவரை நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அன்றிலிருந்து அவரோடு யாரும் சண்டை போடுவதில்லை. கேரம் போர்டில் அவர் கள்ள ஆட்டம் ஆடினாலும் "விடு, பாவம்" என்று விட்டுவிடுவார்கள். அவர் வந்தால் பேச்சு ஒரு கட்டை இறங்கும். ஆள் இருக்கிறார், ஆனால் ஆட்டத்தில் இல்லை. அடுத்த ஐயோ பாவம் நான்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சந்திரனிடம் கேட்டேன். "ஏங்க, இனிமே நான் கடை வாசல்ல உக்காரலாமா?"

"கடை நானாவோடது. வாசல் நகரசபையோடது. ஒன்னைய எழுப்ப யாரு இருக்கா?" என்றார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அட்டன் வரைக்கும் திரும்பவே இல்லை. அவர் அழுகிறார் என்று தெரிந்தும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இனி, எல்லோரும் கேட்கிற கேள்விகள். வெட்டும்போது தெரியாது. முதுகில் ஊசி போட்டு, தூங்கவும் வைத்துவிடுகிறார்கள். வெட்டிய காலைச் சோதனைக்கு அனுப்பிவிட்டு ஆஸ்பத்திரியிலேயே எரித்துவிடுவார்கள். வேண்டுமானால் எழுதிக் கொடுத்து வாங்கிப் புதைக்கலாம் என்றார்கள். நான் வேண்டாமென்றேன். மெட்டியை மட்டும் முதல்நாளே சோப்புப் போட்டுக் கழற்றி வாங்கிக்கொண்டேன்.

யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை நான் சொல்கிறேன். இல்லாத கால் வலிக்கும். சுண்டு விரல் அரிக்கும், குதிகால் எரியும். குனிந்து பார்த்தால் அங்கே படுக்கை விரிப்புத்தான் இருக்கும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று நான் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. பிறகு ஒரு நர்ஸ் மிஸ் விளக்கினார். கால் போன செய்தி மூளைக்கு இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை, பழைய நரம்பு பழைய செய்தியையே அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதற்கு மருந்து இருக்கிறது, நாளாக நாளாகக் குறையும். உங்களுக்கு வந்தால் உடனே சொல்லுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

பக்கத்துக் கட்டிலில் குசுமா அக்கா இருந்தார். ராகலைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிற சிங்களப் பெண். சீனி வியாதியில் அரைப் பாதம் போயிருந்தது. தோட்டத்து ஆட்களோடு வளர்ந்தவர் என்பதால் தமிழ் சரளமாகப் பேசுவார். என்னை "நங்கி" என்று கூப்பிடுவார். சிங்களத்தில் அது தங்கச்சி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம். வெட்டுப்பட்ட இடம் வீங்காமல் கூம்பு வடிவத்துக்கு வருவதற்காக நீட்டுத் துணியால் எட்டுப் போடுகிற மாதிரி குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றிக் கட்ட வேண்டும். என் கைக்கு அது ஒரே நாளில் படிந்துவிட்டது. குசுமா அக்காவின் கட்டு அவிழ்ந்துபோனாலும் மிஸ்ஸைக் கூப்பிட மாட்டார், என்னைத்தான் கூப்பிடுவார்.

இரண்டாவது வாரம் ரவூப் நானா சந்திரனிடம் பதினொரு டிசைன் புத்தகங்களைக் கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார். "சும்மா படுத்துக் கிடக்காம, புதுக் கழுத்து என்ன வந்திருக்குன்னு பாக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டாராம். குசுமா அக்கா ஒன்றை எடுத்துப் புரட்டினார். பாதிப் புத்தகம் போனதும் கேட்டார்.

"நங்கி, இதுல நம்மள மாதிரி ஒரு ஆளு இருக்கா?"

வேறு வேலை இல்லாததால் தேட ஆரம்பித்தோம். அவர் ஐந்து, நான் ஆறு. ஒரு பக்கம் விடாமல் பார்த்தோம். உயரமான பெண்கள், ஒல்லியான பெண்கள், நனைந்த பெண்கள், சிரிக்காத பெண்கள். கால் இல்லாதவள், கை வளைந்தவள், கட்டை ஊன்றியவள் ஒருத்தி கூட இல்லை. எதிர்க் கட்டில்களிலிருந்த இரண்டு பேரும் ஆளுக்கொரு புத்தகம் வாங்கித் தேடினார்கள். முப்பது கட்டில் உள்ள வார்டு எங்களுடையது. கட்டிலுக்கொரு பெண். எங்களில் ஒருத்திக்குக்கூட அந்தப் பதினொரு புத்தகத்தில் இடமில்லை.

கடைசியில் குசுமா அக்காவே கண்டுபிடித்தார். சக்கர நாற்காலியில் ஒரு பெண். பார்த்தால் அது வலி மாத்திரை விளம்பரம். அக்கா படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"இவ நல்லா நடக்குறவ நங்கி. செருப்போட அடியப் பாரு, தேஞ்சிருக்கு. சும்மா உக்காந்து நடிக்கிறா. நம்ம வேலையக்கூட அவளுகளே பாத்துக்குறாளுக."

வார்டே சிரித்தது. தையல் பிரிந்துவிடும் என்று மிஸ் வந்து அதட்டினார். நானும் சிரித்தேன். பிறகு சட்டென்று சிரிப்பு நின்றுவிட்டது. பதினாறு வருடம் நான் என்ன செய்தேன்? கூடை சுமந்த தோளைத் துணி வைத்து மறைத்தேன். படத்தில் இருக்கிறவளின் உடம்புதான் சரி, என் முன்னால் நிற்கிறவளின் உடம்பு பிழை என்று ஒவ்வொரு அளவிலும் எழுதினேன். அதற்குக் கெட்டிக்காரி என்ற பெயரும் வாங்கினேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

"வீட்டுக்குப் போனா என்ன உடுப்ப நீ?" என்று குசுமா அக்கா கேட்டார்.

"நீளப் பாவாடைதான்க்கா. தரையக் கூட்டுற மாதிரி."

"எனக்கு மறைக்க வேணாம். கட்டு மாத்துறப்ப எல்லாம் பாவாடையச் சுருட்டி வாயால கடிச்சுக்கிட்டு இருக்கேன். அதுக்கு ஒரு வழி பண்ணு."

சந்திரனிடம் சொல்லிப் பருத்தித் துணியும் ஊசி நூலும் வரவழைத்தேன். பக்கவாட்டில் முழங்கால் வரை திறந்து நாடாவால் முடிகிற ஒரு பாவாடையைக் கையாலேயே தைத்தேன். நாடாவை மட்டும் சிவப்பில் வைத்தேன். மறைக்கிறதுக்கு இல்லையென்றால் அழகாகவாவது இருக்கட்டுமே. வீட்டுக்குப் போவதற்குள் இன்னும் நான்கு பேருக்குத் தைத்துக் கொடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு நான் நன்றாகத் தூங்கியது முதல் பாவாடையைத் தைத்து முடித்த அன்றுதான்.

வீட்டில் சந்திரன் இரும்புக் குழாய் வெட்டி, வாசல் படியிலும் கக்கூஸிலும் கைப்பிடி போட்டு வைத்திருந்தார். நான்கு மாதம் கட்டையோடு நடந்தேன். பிறகு கண்டியில் செயற்கைக் காலுக்கு அளவு எடுத்தார்கள். மிச்சமிருக்கிற காலை ஒரு கிண்ணத்துக்குள் நுழைக்க வேண்டும். கிண்ணத்துக்குக் கீழே ஒரு உலோகத் தண்டு, அதற்குக் கீழே ரப்பர் பாதம். முதல் மாதம் தோல் உரிந்து கண்ணீர் வரும். கால் சுருங்கச் சுருங்கக் கிண்ணம் தளரும், அப்போது காலுறையை ஒன்றுக்கு இரண்டாகப் போட வேண்டும். ஜாக்கெட் தளர்ந்தால் துணியைப் பிடித்துத் தைத்துச் சிறிதாக்குவோம், இங்கே காலைத் தடிமனாக்க வேண்டும். பொறுமை இருந்தால் எல்லோருக்கும் பழகும். எனக்குப் பொறுமை கிடையாது, எனக்கே பழகிவிட்டது.

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது கடை வாசலுக்குத் திரும்பினேன். இடது காலால் மிதிக்கத்தான் ஏற்கனவே தெரியுமே. வேலைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் நான் பயந்தது அப்படியே நடந்தது. வந்தவர்கள் மெதுவாகப் பேசினார்கள். "ஒங்களுக்கு முடிஞ்சப்ப தைங்க, அவசரமில்ல" என்றார்கள். நான் அப்போது வேகம் குறைந்திருந்தேன், பல துணிகள் பிந்தின. ஒருத்தி கூட ஏசவில்லை. பதினாறு வருடத்தில் ஏச்சு வாங்காத தீபாவளி அது ஒன்றுதான். அன்று வீட்டுக்குப் போய்க் காலைக் கழற்றி வைத்துவிட்டு அழுதேன். ஆஸ்பத்திரியில் கூட அப்படி அழவில்லை.

பொங்கல் முடிந்த சமயம் கொழும்பிலிருந்து ஒரு சஞ்சிகையைச் சேர்ந்தவர்கள் சேலைப் படம் பிடிக்க வந்தார்கள். தேயிலை மலையில் பெண்களை நிறுத்திப் படம் எடுப்பது அவர்களுக்கு வழக்கம். கொண்டுவந்த ஜாக்கெட் மாடலுக்குத் தொளதொளவென்று இருந்ததால், அபிராமி என்ற பெண் அவசரமாகத் தையற்காரி தேடி நானாவின் கடைக்கு வந்தார். அந்தப் பக்கங்களுக்குப் பொறுப்பு அவர்தான். நான் ஊசி நூலோடு அவர்களின் வேனில் மலைக்குப் போனேன்.

ஜாக்கெட்டைப் பிடித்துக் கொடுத்தேன். மாடல் பெண் கூடையை வாங்கி, கயிற்றைத் தோளில் புத்தகப் பை மாதிரி மாட்டிக்கொண்டு நின்றாள். மேல் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. "அப்பிடி இல்லம்மா" என்று கூடையை வாங்கி, கயிற்றைத் தலையில் மாட்டி, முதுகைச் சாய்த்துக் காட்டினேன். மலையில் நிற்பதற்காகச் சேலையை முழங்காலுக்குச் சற்றுக் கீழே தூக்கிச் செருகியிருந்தேன். காமிராக்காரர் நாலைந்து படம் எடுத்துவிட்டார்.

அபிராமி ஓடிவந்தார். "அக்கா, உங்களையும் எங்க சேலை ஒண்ணுல எடுக்கலாமா? கூடவே ஒரு கட்டுரையும் போடலாம். காலை இழந்தும் கலங்காத பெண், அப்படி."

"நீங்க போடுறது சேலைப் பக்கமா, பாவப் பக்கமா?" என்று கேட்டேன்.

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. நான் விடவில்லை. "அந்தப் புள்ள படத்துக்குக் கீழ என்ன போடுவீங்க?"

"சேலை என்ன துணி, ஜாக்கெட் யார் தைச்சது, அவ்வளவுதான்."

"எனக்கும் அதையே போடுங்க. அதுக்குன்னா நிக்கிறேன்."

"பார்க்கிறவங்க, கால் என்ன ஆச்சுன்னு கேப்பாங்களே அக்கா."

"அந்தப் புள்ள ஏன் இவ்வளவு ஒல்லின்னு யாராச்சும் கேக்குறாங்களா?"

அபிராமி கையிலிருந்த குறிப்புத் தாளை மடித்துக்கொண்டார். பிறகு ஒளிக்காமல் சொன்னார். "நான் அப்படியே எழுதி அனுப்புறேன். ஆனா கடைசி முடிவு என் கையில இல்ல. படத்தை இடுப்போட வெட்டிப் போட்டாலும் போடுவாங்க."

நின்றேன். அவர்கள் கொடுத்த பச்சைக் கைத்தறிச் சேலை, நானே தைத்து உடுத்தியிருந்த என் சொந்த ஜாக்கெட். மேக்கப் போட வந்த பெண் குனிந்து சேலையைத் தண்டு தெரியாதபடி இழுத்துவிட்டாள். நான் தூக்கிச் செருகினேன். அவள் மறுபடி இழுத்தாள். "தங்கச்சி, இப்பிடி எறக்கிக் கட்டுனா மலையில உருண்டுருவேன்" என்றேன். பிறகு விட்டுவிட்டாள்.

சஞ்சிகை வர மூன்று மாதமாகும் என்றார்கள். அந்த மூன்று மாதம் எனக்குப் பயாப்ஸி முடிவுக்குக் காத்திருந்த மாதிரியே இருந்தது. கால் இருக்குமா, வெட்டிவிடுவார்களா? குசுமா அக்கா வாரத்துக்கு ஒருமுறை போன் எடுத்து, "வந்திருச்சா நங்கி?" என்பார். நடுவில் ஒரு கிளினிக் வந்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நெஞ்சை எக்ஸ்ரே எடுத்து, வியாதி வேறெங்கும் போயிருக்கிறதா என்று பார்ப்பார்கள். சுத்தம் என்றார் டாக்டர். சந்திரன் வாசலுக்கு வந்ததும் பத்துப் பேருக்குத் தெரிகிற மாதிரி கும்பிட்டார்.

அடுத்த வாரம் நானா கடையைத் திறந்து, புதிதாக வந்த சஞ்சிகைக் கட்டைப் பிரித்தார். ஒரு புத்தகத்தை எடுத்து, பக்கத்தைத் திருப்பி, என் மெஷின் மேல் வைத்தார்.

முழுப் பக்கம். தலை முதல் கால் வரை நான். ஈர மண்ணில் இடது பாதம், பக்கத்தில் தண்டும் ரப்பர் பாதமும். கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி. "சேலை: பச்சைக் கைத்தறி. ஜாக்கெட்: முழங்கை வரை கை, கை விளிம்பில் நாடா முடிச்சு. தைத்து அணிந்திருப்பவர்: யோகேஸ்வரி, தலவாக்கலை." அதற்குப் பிறகு இன்னும் இருக்கும் என்று தேடினேன். தன்னம்பிக்கை, விடாமுயற்சி, வாழ்வை வென்றவர், ஏதாவது ஒன்று. அடுத்த பக்கத்தையும் திருப்பிப் பார்த்தேன். அங்கே வேறொருத்தி நீலச் சேலையில் நின்றாள்.

எனக்குக் கண்ணை நிறைத்துக்கொண்டு வந்தது. நானா பதறிவிட்டார். "என்ன புள்ள, பிழையா ஏதும் எழுதிட்டாங்களா?"

"இல்ல நானா. ஒண்ணுமே எழுதல."

படத்தைப் போனில் பிடித்துக் குசுமா அக்காவுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார். தமிழ் வாசிக்கத் தெரியாது அவருக்கு. "கீழ என்ன போட்டிருக்கு?" என்றார். வாசித்துக் காட்டினேன். "வேற?" என்றார். "வேற இல்லக்கா" என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

நானா அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே மேசையில் வைத்தார். பத்து மணிக்கு மேல் தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து மாரியம்மா வந்தாள். பழைய வாடிக்கை. படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். விரலைப் படத்தின் மேல் வைத்தாள்.

"இந்த மாதிரி. ஆனா கை ரொம்ப நீளமா இருக்கு, எனக்கு ரெண்டு இஞ்சி கொறைச்சுருங்க. நாடா கொஞ்சம் கோணலா இருக்கே, பாத்துத் தைக்கிறதில்லையா?" என்றாள். துணியை மேசையில் வைத்துவிட்டுத் தொடர்ந்தாள். "அப்புறம் யோகாக்கா, போன தீவாளிக்கு என் ஜாக்கெட்ட மூணு நாள் பிந்திக் குடுத்தீங்க. பழசக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போனேன். அப்பவே ஏசணும்னு இருந்துச்சு, பாவம்னு விட்டுட்டேன். இந்தத் தடவ பிந்துனீங்கன்னா சும்மா இருக்க மாட்டேன், சொல்லிப்புட்டேன்."

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் சந்திரன் கையை நீட்டிப் புத்தகத்தைக் கேட்டார். நான் அதைப் பையிலிருந்து எடுக்கக்கூட இல்லை.

"ஏங்க, இன்னைக்கு ஒருத்தி என்னைய ஏசிப்புட்டா" என்றேன்.